உதாரணத்துக்கு ஒரு வாத்தியார்

பிலடெல்பியா
செப்டம்பர் 30, 1776

அன்பும் மரியாதையும் உள்ள அக்கா கெசியா அவர்களுக்கு,

தங்கள் தம்பி ஜாபெஸ் எழுதிக்கொள்வது. விரலில் ஏறிய மை இரண்டரை மாதமாக இறங்கவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. தாங்களும் அத்தானும் சுகம்தானா? அத்தானின் முதுகுவலி இந்த மழைக்கு எப்படி இருக்கிறது?

முடித்துவிட்டோம் அக்கா. அரசனே இல்லாத ஓர் அரசை எழுதி முடித்துவிட்டோம். நான் வெறும் எழுத்தன், பிரதிநிதி அல்ல. ஆனாலும் பென்சில்வேனியாவின் அரசியல் சாசனத்துக்கு எடுத்த சுத்தப் பிரதிகளில் ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது.

பிரதிநிதிகள் கூடிய மண்டபத்தில் இரண்டு புத்தகங்கள் கை மாறிக் கை மாறி அட்டை கழன்றே போயின. ஒன்று, எழுபது ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் ஆங்கிலேய ஞானியுடையது. அரசு என்பது கடவுள் வானத்திலிருந்து இறக்கியது அல்ல, மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், அதை அரசு மீறினால் மக்கள் கலைத்துவிடலாம் என்கிறார். மற்றது ஒரு பிரெஞ்சு ஞானியுடையது. அதிகாரத்தை ஒரே கையில் கொடுத்தால் அந்தக் கை கெட்டுப்போகும் என்கிறார். வாசித்துக் காட்டும்போது மலைப்பக்கத்துக் கொல்லர் ஒருவர் எழுந்து, "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தப் பிரெஞ்சுக்காரரு என்னைக்காவது பால் கறந்திருக்காரா?" என்றார். மண்டபமே சிரித்தது. ஆனால் கடைசியில் அவரும் கை தூக்கினார்.

இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். உரிமைகளில் இரண்டாவதைப் பாருங்கள். கடவுளை எப்படி வணங்குவது என்பது அவனவன் மனசாட்சி. அதைக் காரணம் காட்டி எவனுடைய குடியுரிமையையும் பறிக்க முடியாது. அதை எழுதும்போது அத்தான்தான் என் கண்முன் நின்றார். நல்ல மனிதனுக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டால் எனக்கு எப்போதும் அவர் நினைவுதான் வரும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஜாபெஸ்


ஆல்டர் ஓடை, செஸ்டர் மாவட்டம்
பத்தாம் மாதம் 14, 1776

தம்பி ஜாபெஸ்,

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானின் முதுகு மழைக்கு முந்தின நாள் வலித்து, மழை வந்ததும் நின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தார் அவரைக் கேட்டுத்தான் வைக்கோல் அள்ளுகிறார்கள்.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். என்னை எப்போதிருந்து "தாங்கள்" ஆக்கினாய்? அரசனுக்கும் ஆட்டிடையனுக்கும் நம் வீட்டில் ஒரே "நீ"தானே? மாதங்களை எண்ணால் எழுதுவதை விட்டு, ரோமாபுரிக்காரன் வைத்த பெயரையும் எழுதத் தொடங்கிவிட்டாய். படைக்கு ஆள் சேர்க்கும் சீட்டு எழுதினாய் என்பதற்காக, ஆயுதமே தொடாத நம் நண்பர் சபை உன்னை நீக்கியது. நீ பழகிய பேச்சையும் நீக்கச் சொன்னார்களா?

இரண்டாவது சண்டை. மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறாய். அதில் நான் எப்போது கையெழுத்துப் போட்டேன்? என்னை யாரும் கேட்ட ஞாபகம் இல்லை. கேட்க வந்தபோது நான் பசுக்கொட்டிலில் இருந்தேனோ என்னவோ.

ஆனால் மனசாட்சி விதியைப் படித்ததும் உன் அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் அதை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார். "ஜாபெஸ் நல்லது பண்ணியிருக்கான் கெசியா. காகிதத்துலயாவது பண்ணியிருக்கான்" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா என்று நான் கேட்டேன். விதைக்கு ஆகும் என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது.

அக்கா
கெசியா


பிலடெல்பியா
ஜூன் 20, 1777

அன்புள்ள அக்கா,

எட்டு மாதமாகப் பதில் எழுதாததற்குத் திட்டுவீர்கள். ஜுரமோ நோவோ இல்லை, வேலைதான். இப்போது சட்டசபையிலேயே எழுத்தன் ஆகிவிட்டேன். நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ("நீ" என்று எழுத முயன்றேன். நகரத்தில் பழகிய கை, வர மறுக்கிறது.)

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெண்ணின் சம்மதம் தகப்பன் வழியாகவும் கணவன் வழியாகவும் வந்துவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மண்டபத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் அரசனை விட்டு விலகிப் புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஒரு வரிதான். அத்தானிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஆப்பிள் பாகை நினைத்தபடி,

ஜாபெஸ்


ஆல்டர் ஓடை
இரண்டாம் மாதம் 8, 1778

தம்பி,

பிலடெல்பியாவை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள், சட்டசபை லங்காஸ்டருக்கு ஓடிவிட்டது என்று கேள்விப்பட்டு இதை அங்கே அனுப்புகிறேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று இரண்டு வரியாவது எழுது. எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசு எரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு வரிதான் என்று எழுதினாய். அந்த ஒரு வரியைச் சொல்லாதவன் நிலம் வாங்க முடியாது, விற்க முடியாது, வழக்குப் போட முடியாது, வாக்குப் போட முடியாது. மனசாட்சியைக் காரணம் காட்டிக் குடியுரிமையைப் பறிக்க மாட்டோம் என்று எழுதிய மை காய்வதற்குள் இது! நாம் சத்தியம் செய்வதில்லை, சண்டையில் எந்தப் பக்கமும் சேருவதில்லை. இது உனக்குத் தெரியாதா? உன் அத்தான் கத்தவில்லை. "ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. இதுக்கு மேல என் வாயிலருந்து என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்றார்.

பள்ளிக்கூடத்தை உங்கள் படையினர் எடுத்துக்கொண்டார்கள். காயம்பட்டவர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கு நாங்கள் முணுமுணுக்கவில்லை, பழந்துணி கிழித்துக் கொடுத்தோம். பாடம் இப்போது நம் ஆப்பிள் பிழியும் கொட்டகையின் பரணில் நடக்கிறது. ஏணி வைத்து ஏறுகிறார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். கீழே சாறு நாற்றம், மேலே பெருக்கல் வாய்ப்பாடு. உறுதிமொழி சொல்லாதவர் என்பதால் சத்தம் போடாமல் நடத்துகிறோம். உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

கெசியா


லங்காஸ்டர்
மார்ச் 28, 1778

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன், உங்கள் காலுறையின் புண்ணியத்தில் கால்களும் இருக்கின்றன. நீங்கள் இருவரும் நலமென்று படித்ததில் நிம்மதி.

நான்கு பேர் படுக்கும் அறையில் ஒன்பது பேர் படுக்கிறோம். அதிலும் ராத்திரி விவாதம் ஓய்வதில்லை. மனசாட்சியை வற்புறுத்தினால் அரசுக்குக் கிடைப்பது விசுவாசிகள் அல்ல, வேஷக்காரர்கள்தான் என்று நம் ஆங்கிலேய ஞானி எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று ஒரு நல்ல காரியம் நடந்தது. எழுத்தனுக்குச் சட்டசபைக் குழுவில் பேச உரிமை இல்லை. ஆனால் தலைவரே கேட்டதால் எழுந்து ஐந்து நிமிடம் பேசினேன். ஒருவரும் இருமக்கூட இல்லை. எதைப் பற்றி என்று நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு.

ஜாபெஸ்


ஆல்டர் ஓடை
ஏழாம் மாதம் 9, 1778

தம்பி ஜாபெஸ்,

நலம் என்று எழுதித் தொடங்குவது வழக்கம். பொய் எழுதக் கூடாது என்பதும் நம் வழக்கம். ஆகவே விட்டுவிடுகிறேன்.

உன் அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் தேதி காலை பத்து மணி. கான்ஸ்டபிள் சைலஸ் வந்தான், பக்கத்துப் பண்ணைக்காரன்தான், அவன் மகள் மெர்சியும் பரணில் இருந்தாள். கூடவே படை அதிகாரி ஒருவன், இடுப்பில் வாள். நேராகக் கொட்டகைக்கு வந்தார்கள். வீட்டுக்கதவைத் தட்டவில்லை, எங்கே பள்ளி என்று கேட்கவில்லை. உன் அத்தான் ஏணியில் இறங்கி வந்தார், எந்த மனிதனுக்கும் கழற்றாத நம் வழக்கப்படி தலையில் தொப்பியோடு.

"தொப்பியைக் கழட்டுய்யா" என்றான் அதிகாரி.

"மழை வந்தா உன் தலைக்குத் தர்றேன். மத்தபடி கழட்ட மாட்டேன்."

"என்னையா நீன்னு சொல்ற?"

"கடவுளையே நீன்னுதானப்பா கூப்புடறோம். நீ அவருக்கும் மேலயா?"

மேலே பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஜூன் முதல் தேதிக்குப் பிறகு உறுதிமொழி சொல்லாத எவனும் பாடம் நடத்தக் கூடாதாம், ஏப்ரலிலேயே சட்டம் வந்துவிட்டதாம். ஏப்ரலில்! சைலஸ் என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வார்த்தை சொல்லிரு எனோக். ஊரே சொல்லிருச்சு. நான் கேக்காத மாதிரிகூட நின்னுக்கறேன்" என்று கெஞ்சினான். உன் அத்தான் அவன் தோளைத் தட்டினார். அப்புறம் மேலே பார்த்து, "ரெண்டாவது விதி, எல்லாரும் சேந்து சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் சொன்னார்கள். நீ சுத்தமாக எழுதிய அதே வரிகளை, ஒரு சொல் பிசகாமல். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைக் கட்டிவிட்டார்கள்.

மாவட்டச் சிறையில் இருக்கிறார். முதுகுவலிக்காரருக்கு ஈரத் தரை.

கொட்டகையில் பள்ளி நடப்பதை யார் சொல்லியிருப்பார்கள்? சட்டசபையில் இருக்கிறாயே, உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததை எழுது. காத்திருக்கிறேன்.

கெசியா


பிலடெல்பியா
ஜூலை 25, 1778

அன்புள்ள அக்கா,

கடிதம் படித்துத் துடித்துப்போனேன். நகரம் மறுபடி நம் கைக்கு வந்து, காகிதங்களை மூட்டை கட்டி இங்கே திரும்பியதில் பதில் தாமதமாகிவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தைரியமாக இருங்கள்.

யார் சொன்னார்கள் என்று ஆராய்ந்து என்ன பயன்? போர்க்காலத்தில் சுவருக்கும் காது உண்டு. பக்கத்துப் பண்ணைகளில் பொறாமைக்காரர்கள் இல்லாமலா இருப்பார்கள்? யாரையும் சந்தேகித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அத்தான் அந்த ஒரு வரியைச் சொல்லிவிடட்டும். உதடு சொல்வதைத்தான் சட்டம் கேட்கும், உள்ளம் நினைப்பதை எந்த அரசு எட்டிப் பார்க்க முடியும்? மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம். நல்ல அரசு பிறக்கும்போது கொஞ்சம் இரத்தம் சிந்தத்தான் செய்யும், எந்தப் பிரசவமும் அப்படித்தானே.

அத்தானிடம் என் வணக்கத்தைச் சேர்ப்பியுங்கள்.

ஜாபெஸ்


ஆல்டர் ஓடை
எட்டாம் மாதம் 6, 1778

ஜாபெஸ்,

பிரசவத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாய். நம் அம்மா உன்னைப் பெற்றுப்போட்டு இறந்தபோது பக்கத்தில் நின்றவள் நான். எனக்கு அப்போது பதினோரு வயது. இரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும். பேசுகிறவனுடையது அல்ல.

மூன்றாம் தேதி சைலஸ் கையில் ஒரு காகிதம் இருந்தது. அவனுக்கு வாசிக்க வராது, அதிகாரிக்குக் கண்ணாடி இல்லை. என்னிடம்தான் கொடுத்தார்கள். என் கணவரைப் பிடிக்கும் உத்தரவை நானே உரக்க வாசித்தேன். "ஆல்டர் ஓடை எனோக், தன் ஆப்பிள் கொட்டகைப் பரணில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு..." அந்த எண்ணை இரண்டு முறை வாசித்தேன்.

உழவுக்கும் அறுவடைக்கும் போனவர்கள் போக, மூன்று மாதமாகவே பரணில் இருந்தது பதினைந்து பிள்ளைகள். ஊரில் எவனைக் கேட்டாலும் பதினைந்து என்றுதான் சொல்லியிருப்பான். இருபத்திரண்டு என்ற எண் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. இரண்டாம் மாதம் நான் உனக்கு எழுதிய கடிதத்தில்.

அது மட்டுமா? அந்த எழுத்து! உன் கையைப் பிடித்து மணலில் எழுத வைத்தவள் நான். வால் நீண்டு அடுத்த வரியில் இடிக்கும் அந்த எழுத்துகளை அடித்து அடித்துத் திருத்தியும் திருந்தாமல் விட்டவளும் நான். அந்த வால்களை ஒவ்வொன்றாக வாசித்து என் புருஷனை அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கே எல்லாம் தெரியும். தெரிந்தும் போன கடிதத்தில் ஏன் கேட்டேன் தெரியுமா? தப்புச் செய்தவனை ஊர் முன்னால் நிறுத்துவதற்கு முன் தனியே கூப்பிட்டு அவன் வாயாலேயே சொல்ல ஒரு வாய்ப்புத் தர வேண்டும். நம் சபையின் வழக்கம். உன்னை அவர்கள் நீக்கிவிட்டார்கள், நான் நீக்கவில்லை. ஆகவே கேட்டேன். நீ சுவரைக் காட்டினாய், பக்கத்துப் பண்ணைகளைக் காட்டினாய். எல்லாம் தெரிந்த என்னையே இரண்டு நாள் சைலஸ் வீட்டை ஒரு மாதிரி பார்க்க வைத்துவிட்டாயே, பாவி!

வற்புறுத்தினால் வேஷக்காரன்தான் கிடைப்பான் என்று ஒன்பது பேர் அறையில் வாசித்துக் காட்டினாயாமே. இப்போது உன் அத்தானை வேஷம் போடச் சொல்லி எனக்கு எழுதுகிறாய். தவளை தன் வாயால் கெடும். நீ அடுத்தவனைக் கெடுத்திருக்கிறாய்.

என்ன நடந்தது என்று எழுது. ஞானிகளைக் கூப்பிடாமல் எழுது.

கெசியா


பிலடெல்பியா
செப்டம்பர் 19, 1778

அக்கா,

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். என் நலத்தைப் பற்றி எழுதவோ உங்கள் நலத்தைக் கேட்கவோ எனக்கு முகம் இல்லை.

மார்ச் 27. வாத்தியார்களையும் உறுதிமொழிச் சட்டத்துக்குள் கொண்டுவருவதா என்று குழு பேசிக்கொண்டிருந்தது. நான் மூலையில் எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு பிடிக்காமல் என் முகம் மாறியதைத் தலைவர் பார்த்துவிட்டார். "என்னப்பா எழுத்தா, உங்க பழைய சபைக்காரங்க மேல பாசமா? இந்தச் சட்டத்தால கெட்டுப்போற நல்லவன் ஒருத்தனைக் காட்டு பாப்போம்" என்றார்.

எழுந்தேன். காட்டினேன். பள்ளியைப் படைக்குக் கொடுத்துவிட்டு ஆப்பிள் கொட்டகைப் பரணில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மனிதரைப் பற்றிச் சொன்னேன். மனசாட்சி விதியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவரைச் சிறையில் போடுவீர்களா என்று கேட்டேன். பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பெயர் சொன்னால்தான் பேச்சுக்கு உயிர் இருக்கும் என்று நினைத்தேன். நன்றாகப் பேசினேன் அக்கா. அதுதான் கொடுமை. இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள்.

ஐந்து நாளில் சட்டம் நிறைவேறியது. ஜூன் கடைசியில் தலைவர் கூப்பிட்டு, "எழுதிக்கோ" என்றார். அத்தானின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பேனாவைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதினேன்.

அத்தானைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்பதை மட்டும் நம்புங்கள்.

ஜாபெஸ்


ஆல்டர் ஓடை
பன்னிரண்டாம் மாதம் 2, 1778

ஜாபெஸ்,

பத்து வாரம் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடித்து எழுதவில்லை. உன் அத்தான் சொல்லி எழுதுகிறேன். போன வாரம் சிறைக்குப் போய் உன் கடிதத்தைக் கம்பிக்கு வெளியே நின்று வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம் பையன். ஊமையா இருந்திருந்தா நல்லா இருந்திருப்பான்" என்றார். இடது காலில் இரண்டு விரல் பனியில் கறுத்துவிட்டது. அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

நம்பு என்கிறாய். நம்புகிறேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். அவரைப் பிடிக்காமல் காட்டிக்கொடுத்திருந்தால் பகையாளி என்று தலைமுழுகியிருப்பேன். உனக்கு அவர் மேல் பாசம். ஆனால் பேச எழுந்ததும் அவர் உனக்கு அத்தான் இல்லை, உதாரணம்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். ஒன்பதாம் மாதம் முதல் பரணில் நான் பாடம் எடுக்கிறேன். உனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு சிலேட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் மறக்கவில்லை. நீண்ட வகுத்தல் மட்டும் உதைக்கிறது.

போன மாதம் சைலஸ் ஏணியில் ஏறி வந்தான். பாதி உடம்பு மேலே, பாதி கீழே.

"யாரும்மா பாடம் எடுக்குறது?"

"தெரியலையா? நான்தான்."

"உறுதிமொழி..."

"கேளு. மாட்டேன்னு சொல்றேன். அப்புறம் என்னையும் கட்டிக் கூட்டிட்டுப் போ."

அவன் மடியிலிருந்து சட்டக் காகிதத்தை எடுத்து மகள் மெர்சியிடம் கொடுத்தான். இப்போது அவள் வாசிப்பாள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் என்று முதலில் வாசித்தாள். அப்புறம் வாத்தியார்கள், பேராசிரியர்கள் என்று வரிசையாக, எல்லாம் ஆண்கள். தேடித் தேடி வாசித்துவிட்டுத் தலை தூக்கி, "கெசியா அம்மாவப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லப்பா" என்றாள்.

"எதுலயும் இல்ல கண்ணு" என்றேன்.

சைலஸ் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அப்ப நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"பாத்து எறங்கு. மூணாவது படி ஆடுது."

இறங்கியவன் மறுநாள் சுத்தியலோடு வந்து அந்தப் படியைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதச் சொன்னார்.

கெசியா


பிலடெல்பியா
முதல் மாதம் 18, 1779

அன்புள்ள அக்கா,

நீ நலமா? நல்ல செய்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். உறுதிமொழி சொன்ன நாற்பத்தொரு குடித்தனக்காரர்கள் போட்ட விண்ணப்பம் எங்களுக்கு வந்தது, கையெழுத்து வராத சைலஸ் போட்ட குறிதான் முதலில். அத்தானை விடுவிக்க உத்தரவாகிவிட்டது. பாடம் மட்டும் நடத்தக் கூடாதாம். அந்த உத்தரவையும் நான்தான் எழுதினேன்.

உன் பரண் கதையைப் படித்து, அறையில் தனியாகச் சிரித்தேன், பிறகு எழுந்து நடந்தேன். அக்கா, இது எவ்வளவு பெரிய வாதம் என்று உனக்குத் தெரிகிறதா? பாடம் எடுத்த கணவன் சிறையில். அதே பரணில் அதே பாடத்தை எடுக்கும் மனைவியைத் தொட ஒரு சட்டம் இல்லை! இந்த உறுதிமொழியால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று காட்ட இதைவிடத் தெளிவாக எந்த ஞானியும் எழுத முடியாது. அடுத்த மாதம் குழு மறுபடி கூடுகிறது. என்னைப் பேச விடுவார்கள் போலிருக்கிறது. உன் பெயரைச் சொல்ல மாட்டேன், சத்தியமாக. இப்போது பரணில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் எழுதி அனுப்பு.

இந்த ஒரு பேச்சால் நான் செய்த தப்பைத் திருத்திவிடுவேன்.

உன் தம்பி
ஜாபெஸ்


ஆல்டர் ஓடை
இரண்டாம் மாதம் 1, 1779

ஜாபெஸ்,

உன் அத்தான் வந்து சேர்ந்தார். விரல் இரண்டு போய்விட்டது, கோலூன்றி நடக்கிறார். பாடம் நடத்தக் கூடாது என்பதால் கீழே பிழிபொறி மேல் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்கிறார். நான் கணக்கில் தவறினால் கோலால் மேலே பலகையைத் தட்டுகிறார். நேற்று மூன்று தட்டு. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறாய். எழுத மாட்டேன்.

பெயர் சொல்லாமல் பேசுவாயாமே. கொட்டகைப் பரணில் பாடம் எடுக்கும் பெண்பிள்ளை இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்? நீ எழுந்து நன்றாகப் பேசுவாய். ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் குலுக்குவார்கள். அப்புறம் தலைவர், "அட, ஆமா, பொம்பளைங்கள விட்டுட்டோமே" என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பார். சேர்க்கச் சொல்லி உன்னிடம்தான் காகிதத்தைக் கொடுப்பார். நீயும் எழுதுவாய். நீ எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான் அல்லவா?

உங்கள் ஞானிகள் எனக்கு வாக்குரிமை தர மறந்தார்கள். அதற்கு இன்றைக்கும் வயிறெரிகிறேன், நாளைக்கும் எரிவேன். கைவிலங்கு போட மறந்ததும் அதே மறதிதான். முதலில் வாக்கைக் கொடுங்கள், அப்புறம் விலங்குக்கு வாருங்கள். இடையில் அந்த மறதிக்குள் நான்கு பலகையைப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறேன். அதைத் தட்டிவிடாதே.

பேசாமல் இருக்க முடியாது, உதாரணம் வேண்டும் என்றால் உன்னையே சொல். குழுவில் எழுந்து நின்று, "மனசாட்சி விதியைச் சுத்தமாக எழுதிய கையும் எனோக்கைப் பிடிக்க உத்தரவு எழுதிய கையும் இதுதான்" என்று கையைத் தூக்கிக் காட்டு. பெயரோடு சொல். பெயர் சொன்னால்தான் பேச்சுக்கு உயிர் இருக்கும் என்றாயே.

உன் அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார். அவருக்கு உன்மேல் கோபம் இல்லையாம். அவர் பங்கையும் நானே வைத்திருக்கிறேன். குளிர் இன்னும் போகவில்லை, காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

அக்கா
கெசியா